துரை வம்சத்திற்கு ருஜு!

சென்ற மாதம் புரோகிதன் இல்லாத திருமணம் ஒன்றுக்காக உத்தமபாளையம் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருக்கிற சமயத்தில், நமக்கு நெடுநாள் பழக்கமான தோழர் ஒருவர் நம்மைத் தனியாக ஆற்றுப் பக்கம் அழைத்துக் கொண்டு போனார். நாற்பத்தைந்து வயதுக்காரர், வயலில் நின்று கறுத்தவர். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக் கொண்டு, “அண்ணே, எங்க குடும்பம் இங்கிலீஷ்காரர் வம்சம். ருஜு கிடைச்சிரும் போல இருக்கு” என்றார்.

நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக் கொண்டோம். ஏனென்றால் அந்த முகத்தில் பெருமை மாத்திரம் இல்லை. கடன்காரன் முகத்திலிருக்கும் ஒரு கலக்கமும் இருந்தது.

சங்கதி என்னவென்றால், முல்லைப் பெரியாற்றில் அணை கட்டின காலத்தில், அதாவது 1887க்கும் 1895க்கும் இடையில், வேலையை மேற்பார்வை செய்ய வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இவருடைய ஓட்டனாராம். அதாவது தகப்பனுக்குத் தகப்பன் பாட்டன், அவனுக்குத் தகப்பன் பூட்டன், அவனுக்குத் தகப்பன் ஓட்டன். துரை இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தியோடு வாழ்ந்து, ஓர் ஆண் குழந்தையும் பிறந்து, அணை முடிந்ததும் கப்பலேறிப் போய்விட்டாராம். வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டியும், பாதிரியார் கையெழுத்துள்ள ஒரு துண்டுக் காகிதமும் இருக்கின்றன. இதைக் கேள்விப்பட்ட மதுரைத் தரகன் ஒருவன், நாலு இலட்சம் ரூபாய் கொடுத்தால் இலண்டனிலிருந்து பழைய பதிவேடுகளையெல்லாம் வரவழைத்து, இங்கிலீஷ் வம்சம் என்று ருஜுப்படுத்தி, இவருடைய மகனை இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லி ஐம்பதினாயிரம் முன்பணமும் வாங்கிக் கொண்டான். மீதிப் பணத்திற்காகத் தோழர் தம் அறுபது சென்ட் இருபோக நிலத்துக்கு விலை பேசி முடித்திருக்கிறார்.

இருபோக நிலம் என்பதைக் கவனிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இரண்டு போகம் விளைகிறதென்றால் அது பெரியாற்றுத் தண்ணீரால் விளைகிறது. வெள்ளைக்கார எஞ்சினீயர் திட்டம் போட்டுத் திருப்பிவிட்ட தண்ணீர் பாய்கிற நிலத்தை விற்று, வெள்ளைக்காரனுக்குத் தான் பேரன் என்று ருஜு வாங்கப் போகிறார்! இதைவிட வேடிக்கை உலகத்தில் உண்டா என்று கேட்கலாம். ஆனால் இது இந்த ஒருவருடைய பைத்தியம் அல்ல. பிறப்பினால் பெருமை என்று இந்த நாட்டான் மண்டையில் ஆயிரக்கணக்கான வருஷமாக ஏற்றி வைத்ததன் பலன் என்பதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறோம். தன் முன்னோர் யார் என்று தேடிப் பார்ப்பது குற்றமல்ல. அது சரித்திர அறிவு. அதிலும் இங்கிலீஷ்காரர் விஷயத்தில் தேடுவதற்கு இடம் இருக்கிறது. 1538ல் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவின்படி, இங்கிலாந்தில் ஒவ்வொரு கோவில்பற்றிலும் ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டியதாயிற்று. 1837 ஜூலை முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சர்க்காரே பிறப்பு இறப்பைப் பதியத் தொடங்கிற்று. நம் சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி கோவிலில் 1680 முதல் பதிவேடு இருக்கிறது. எலிஹூ யேல் அந்த வருஷத்தில் செய்து கொண்ட கலியாணமும், 1753ல் ராபர்ட் கிளைவ் செய்து கொண்ட கலியாணமும் அதில் இருக்கின்றன. அது போதாதென்று, இங்குள்ள பாதிரிமார் தம் பதிவேடுகளைப் பிரதி எடுத்து இலண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். சென்னை மாகாணத்துப் பிரதிகள் 1698 முதல் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இப்போது வீட்டிலிருந்தபடியே கணிப்பொறியில் பார்க்கலாம். இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கென்றே 1998 முதல் இங்கிலாந்தில் ஒரு சங்கமும் நடக்கிறது. ஆகவே ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலிருந்து தகப்பன் பெயரும் தொழிலும், தகப்பனுடைய கலியாணப் பதிவிலிருந்து பாட்டன் பெயரும், பட்டாளத்தான் என்றால் சேர்ந்தபோது எழுதின குறிப்பிலிருந்து பிறந்த ஊரும் என்று படிப்படியாக ஏறிப் போக முடியும். ஒரு படியில் காகிதம் இல்லையென்றால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் கதை.

நம் நாட்டுக் கோத்திரக்காரர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்ன ரிஷியின் சந்ததி என்று தினமும் நீரைத் தொட்டுச் சொல்லுகிறார்களே, அந்த ரிஷிக்குப் பிறப்புப் பதிவு எந்தக் கோவில்பற்றில் இருக்கிறது? பிரம்மாவின் முகத்தில் பிறந்ததாகச் சொல்லுகிறவர்கள் எந்தத் தாசில்தாரிடம் சர்ட்டிபிகேட் வாங்கினார்கள்? உத்தமபாளையத்துத் தோழர் ஒரு துண்டுக் காகிதமாவது வைத்திருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் முதலில் தங்கள் மடியை அவிழ்த்துக் காட்டட்டும்.

நிற்க, தரகன் சொன்னதற்கு வருவோம். இன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் வம்சாவளியைக் காட்டி விசா வாங்க ஒரு வழி இருப்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பாட்டனோ பாட்டியோ ஐக்கிய ராஜ்யத்து மண்ணில் பிறந்திருக்க வேண்டும். பூட்டன் உதவமாட்டான். ஓட்டனைப் பற்றிப் பேசவே வேண்டாம். தோழருடைய மகனுக்கு இந்தத் துரை ஓட்டனுக்கும் ஒரு தலைமுறை மேலே. பையனுடைய பாட்டன் பாட்டி நால்வரும் இந்தப் பள்ளத்தாக்கிலே பிறந்தவர்கள். ஆகவே இலண்டன் பதிவேட்டை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து கொட்டினாலும் விசா அதிகாரி ஒரு தாளைக்கூடப் புரட்டமாட்டார்.

இதில் மற்றொரு வேடிக்கையைப் பாருங்கள். பெரியாற்று அணை கட்டின பென்னிகுயிக் துரை பிறந்தது 1841ல், புனாவில்! தகப்பனார் பிரிட்டிஷ் சேனைத் தலைவர். 1849ல் சில்லியன்வாலாச் சண்டையில் செத்தவர். பிள்ளை பிறந்த இடம் இந்தியா. இன்றைய விசாச் சட்டத்தின்படி பார்த்தால் பென்னிகுயிக்கைப் பாட்டனாகக் காட்டியும் ஒருவன் உள்ளே போக முடியாது. இந்தப் பள்ளத்தாக்கு அறிந்த வெள்ளைக்காரரில் முதல்வருடைய கதியே இதுவென்றால், பேர் தெரியாத ஓவர்சீயர் எந்த மூலை?

சரி, வெளிநாட்டுக்கு ஆகாது, உள்நாட்டிலாவது பலன் உண்டா என்றால், நம் அரசியல் சட்டம் 366வது பிரிவில் ஆங்கிலோ இந்தியர் யார் என்று எழுதியிருக்கிறது. தகப்பனோ, தகப்பன் வழியிலுள்ள ஆண் முன்னோரில் ஒருவனோ ஐரோப்பிய வம்சமாயிருந்து, தானும் இந்த நாட்டில் நிலையாகக் குடியிருந்த பெற்றோருக்கு இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிறவன் ஆங்கிலோ இந்தியன். இந்த விளக்கம் 1935 வருஷத்து இந்திய சர்க்கார் சட்டத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இதற்குப் பலன் இருந்தது. ரயில்வே, சுங்கம், தபால் தந்தி உத்தியோகங்களில் அவர்களுக்கென்று இருந்த விகிதத்தை அரசியல் சட்டம் இரண்டு வருஷத்திற்கொரு தரம் பத்தில் ஒரு பங்கு குறைத்து, பத்து வருஷத்தில் தீர்த்துவிட்டது. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் நியமன ஸ்தானம் இருந்தது. அதுவும் 2020 ஜனவரி 25 முதல் போய்விட்டது. அப்படி எடுத்தபோது பார்லிமெண்டில் சர்க்கார் சொன்ன கணக்கு, 2011 ஜனத்தொகைப்படி தேசம் முழுவதும் ஆங்கிலோ இந்தியர் 296 பேர் என்பது! பெரம்பூரையும் பொன்மலையையும் போத்தனூரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவன் இதைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக் கொண்டு சிரிப்பான். எழுதி வைத்த கணக்கு என்பதற்காக எல்லாம் உண்மையாகிவிடாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

ஆனால் அந்த விளக்கத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதுவல்ல. ‘தகப்பன் வழியிலுள்ள ஆண் முன்னோர்’ என்கிறதே, அதுதான். தாய் வழியில் எத்தனை வெள்ளைக்காரர் இருந்தாலும் சட்டத்துக்குக் கணக்கில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண் ஒரு தமிழரைக் கட்டிக் கொண்டால் அவள் பெற்ற பிள்ளை ஆங்கிலோ இந்தியன் அல்ல. ஆங்கிலோ இந்திய ஆண் தமிழ்ப் பெண்ணைக் கட்டினால் பிள்ளை ஆங்கிலோ இந்தியன். மனுதர்மத்தை எழுதினவனும் 1935ல் இலண்டனில் சட்டம் எழுதினவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களோ என்னவோ! பெண் என்பவள் பை. விதை ஆணுடையது என்பதுதானே இரண்டு பேருக்கும் எண்ணம்? இலங்கையிலும் இதே கதைதான். கொழும்பில் 1908ல் ஏற்பட்ட டச்சு பர்கர் சங்கத்தார் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டார்கள். அதுவும் தகப்பன் வழிதான். பிற்காலத்தில் ஆஸ்திரேலியா வெள்ளையரைத்தான் சேர்ப்பேன் என்று கதவடைத்திருந்தபோது, இரத்தத்தில் முக்கால் பங்கு ஐரோப்பா என்று காட்ட அந்தக் குடும்ப மரங்கள் பயன்பட்டன. 1973ல் அந்தக் கொள்கை ஒழிந்தது. மரங்கள் மாத்திரம் அலமாரியில் நிற்கின்றன.

பங்கு என்றதும் கணக்குப் பார்க்கத் தோன்றுகிறது. ஒருவனுக்குப் பெற்றோர் இரண்டு. பாட்டன் பாட்டிமார் நாலு. அதற்கு மேலே எட்டு. ஓட்டன் தலைமுறையில் பதினாறு. நம் தோழருக்கு அந்தப் பதினாறு பேரில் ஒருவர் துரை. அதாவது ரூபாய்க்கு ஓரணா. மகனுக்கு அரையணா. மீதிப் பதினைந்தணாவும் கம்பம், கூடலூர், சின்னமனூர், உத்தமபாளையம் மண்ணில் நாற்று நட்டும், மாடு மேய்த்தும், மண்வெட்டி பிடித்தும் செத்தவர்கள். பதினைந்து பேரைத் தள்ளிவிட்டு ஒருவனைப் பிடித்துக் கொண்டு ‘இவன்தான் என் வம்சம்’ என்றால், அந்தப் பதினைந்து பேர் யாருடைய வம்சம்? இப்போது எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் வம்சம் சொல்லுகிற மரபணுச் சோதனைக் கம்பெனிகளும் வந்துவிட்டன. அந்தச் சோதனையும் பொதுவாய்ப் பார்த்தால் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிக் கொண்டே வருகிற பங்கைத்தான் காட்டும். ஆண் வழியை மட்டும் தொடரும் சோதனை ஒரு கோட்டைக் காட்டும். பெண் வழியைத் தொடரும் சோதனை மற்றொரு கோட்டைக் காட்டும். மற்றவர்கள் எல்லாரும் இரண்டிலும் விட்டுப் போவார்கள்.

பெண் வழிச் சோதனை ஒன்று 2013ல் இங்கிலாந்தில் பெரிய கலகம் செய்தது. இளவரசர் வில்லியமின் தாயார் டயானா. அவருடைய தாய் வழியில் மேலே மேலே போனால் எலைசா கெவார்க் என்ற ஸ்திரீ வருகிறாள். சூரத்தில் கம்பெனி வியாபாரத்திலிருந்த தியோடர் போர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரோடு வாழ்ந்தவள். அவர்களுடைய மகளைச் சிறு வயதில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் இங்கேயே நின்றுவிட்டாள். குடும்பத்தார் அவளை ஆர்மீனியப் பெண் என்று சொல்லி வந்தார்கள். சோதித்தவர்கள் சொன்னது, அந்தத் தாய் வழி இந்திய வழி என்பது. பார்த்தீர்களா, இங்கே இருப்பவன் வெள்ளைக்காரப் பாட்டனைத் தேடி நிலத்தை விற்கிறான். அங்கே அரண்மனையில் இருப்பவனுக்கு இந்தியப் பாட்டி! நம் ஆள் பாட்டியை மறைக்கிறான், அந்த ஆளுடைய குடும்பமும் பாட்டியை மறைத்தது. இரண்டு பக்கத்திலும் மறைந்து போனவள் ஒரே ஜாதி, பெண் ஜாதி. மெர்ல் ஒபெரான் என்ற ஹாலிவுட் நட்சத்திரம் 1911ல் பம்பாயில் பிறந்து, வெகு காலம் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக் கொண்டு 1979ல் செத்தாள். பிறந்த மண்ணைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம் ஒரு பெண்ணை அறுபத்தெட்டு வருஷம் துரத்தியிருக்கிறது.

இந்தப் பயம் தானாக வந்ததல்ல. வெள்ளைக்காரன் திட்டம் போட்டு உண்டாக்கியது. 1687ல் கம்பெனி டைரக்டர்கள் சென்னைக் கோட்டைக்கு எழுதின கடிதத்தில், பட்டாளத்தார் இந்த நாட்டுப் பெண்களைக் கட்டிக் கொள்ளுவதை ஆதரிக்க வேண்டும் என்றும், பிறக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாயாருக்கு ஒரு வராகன் கொடுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஏன்? இங்கிலாந்திலிருந்து ஆள் கொண்டு வர அதிகச் செலவு. இங்கேயே பிறந்தால் மலிவு. நூறு வருஷம் கழிந்தது. கம்பெனி உத்தியோகத்தில் கொள்ளைப் பணம் என்று தெரிந்ததும் டைரக்டர்களுடைய மருமகன்களும் தம்பி பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள். உடனே 1786ல் கல்கத்தா அநாதைப் பள்ளிப் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்து போகக் கூடாது என்று உத்தரவு. 1791ல், தாய் இந்தியள் என்றால் கம்பெனியின் சிவில், பட்டாள, கப்பல் உத்தியோகம் கிடையாது என்று உத்தரவு. 1795ல் பட்டாளத்தில் குழலூதவும், தம்பட்டம் அடிக்கவும், குதிரைக்கு லாடம் கட்டவும்தான் சேர்க்கலாம் என்று உத்தரவு. ஒரு வராகன் கொடுத்துப் பெற்றுக் கொண்ட பிள்ளைக்கே லாடம் கட்டுகிற வேலை! இதற்குப் பேர் வெள்ளைக்கார வருணாசிரமம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்லுவது?

அந்தப் பிள்ளைகளால் இங்கிலாந்துக்கு வந்த இலாபமும் ஒன்று உண்டு. சென்னை எழும்பூரில் பட்டாளத்தாரின் ஆண் அநாதைகளுக்கு 1789ல் ஏற்பட்ட பள்ளியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் தலைவராக இருந்தார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் போடுவதையும், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் பார்த்து, அதையே தம் பள்ளியில் வைத்தார். பிறகு ஊருக்குப் போய் 1797ல் அதைப் புத்தகமாக அச்சிட, ‘சென்னை முறை’ என்ற பெயராலேயே இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் அது பரவிற்று. இங்கிலாந்து ஏழையின் எழுத்தறிவுக்கு வம்சாவளி எழுதினால் அது நம் திண்ணையில் வந்து நிற்கும். இதற்கு எவனும் ருஜு கேட்டு அலையவில்லை.

இனிப் பதிவேட்டுக்கே திரும்புவோம். அந்தப் பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் தகப்பன் பெயர், தொழில், ஊர் எல்லாம் திருத்தமாக இருக்கும். தாய் இந்தியப் பெண் என்றால் பல இடங்களில் வெறுமனே ‘சுதேசிப் பெண்’ என்றிருக்கும். அல்லது பாதிரியார் வைத்த ஒரு மேரியோ அன்னாளோ இருக்கும். அல்லது ஒன்றுமே இராது. கல்கத்தாவுக்கு மூலவர் என்று சொல்லப்படுகிற ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689ல் சென்னைக் கோட்டைக் கோவிலில்தான் ஞானஸ்நானம் ஆயிற்று. அந்தப் பெண்களைப் பெற்றவளுக்கு ஆளுக்கொரு கதை கட்டினார்களே தவிர, அவள் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்ல ஆளில்லை. கலியாணப் பதிவிலோ மணமக்களின் தகப்பன்மார் பெயருக்குத்தான் கட்டம். இங்கிலாந்திலும் வேல்சிலும் கலியாணப் பதிவில் தாயார் பெயருக்கு இடம் வந்தது எப்போது தெரியுமா? 2021 மே மாதத்தில்! நாமும் பெரிதாய்ச் சிரிக்க வேண்டாம். நம் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல் யாருடையது?

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பதிவேடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு பதிவேடு இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை 1911ல் இந்த மாகாணத்திற்கும் பொருந்தும்படி செய்து, பிறமலைக் கள்ளர் சமூகத்தில் பிறந்தவர்களையெல்லாம் பெயர் எழுதி, கைரேகை வாங்கி, இராத்திரியில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தார்கள். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3ல் போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் செத்தார்கள். 1947ல்தான் அந்தச் சட்டம் இங்கே ஒழிந்தது. ஒரு பதிவேட்டில் பிறந்ததற்காக உத்தியோகம். மற்றொரு பதிவேட்டில் பிறந்ததற்காகக் கைரேகை. எழுதினவன் ஒருவன்தான். பிறப்பினால் குணம் என்கிற அந்தப் புரட்டை நம்பினதால்தான் இரண்டையும் கூசாமல் எழுதினான். தர்ஸ்டன் என்ற துரை சென்னை மியூசியத்தில் உட்கார்ந்து ஜாதிவாரியாக மூக்கை அளந்ததும், அதை ஏழு பாகமாக 1909ல் அச்சிட்டதும் அதே நம்பிக்கையினால்தான். அதில் கலப்பு வம்சத்தாருக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அந்த அளவுகோலை எடுத்துக் கொண்டு இன்று நாமே நம் மூக்கை அளந்து கொள்ள வேண்டுமா?

பென்னிகுயிக் பேரைச் சொன்னோம். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தப் பேருக்குள்ள மரியாதை நாம் அறியாததல்ல. லோயர் கேம்பில் 2013ல் மணிமண்டபம் திறந்தார்கள். தேனி பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். பாலார்பட்டியில் அவர் பிறந்த நாளான ஜனவரி 15ல் பொங்கல் வைக்கிறார்கள். படம் வைத்துச் சூடம் காட்டுவதைப் பற்றி நமக்கு அபிப்பிராய பேதம் உண்டு. செத்த எஞ்சினீயருக்குச் சூடம் காட்டுவதைவிட, இருக்கிற வாய்க்காலைத் தூர் வாருவது அவருக்குப் பிடித்திருக்கும் என்பது நம் எண்ணம். மனைவி நகையை விற்று அணை கட்டினார் என்ற கதைக்குக் காகிதம் கேட்டாலும் ஊரார் கோபிக்கிறார்கள். 2021ல் மதுரையில் நூலகம் கட்ட எடுத்த இடத்தில் அவர் குடியிருந்த வீட்டை இடிப்பதாகப் பெரிய கூச்சல் கிளம்பிற்று. அவர் செத்தது 1911ல், கட்டடம் எழும்பியது அதற்குப் பிறகு என்று சர்க்கார் பதிவேட்டைக் காட்டிப் பதில் சொன்னார்கள். பழைய காகிதத்தின் யோக்கியதை இதுதான். நமக்குப் பிடித்த கதையானாலும் தேதி ஒத்துவராவிட்டால் அது விடாது.

ஆனால் அந்த மரியாதையில் நமக்கு மிகவும் பிடித்த காரியம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு பென்னிகுயிக் என்று பெயர் வைக்கிறார்களே, அது. இரத்தமும் இல்லை, கோத்திரமும் இல்லை. தண்ணீர் கொடுத்தானே என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குடியானவன் தன் மகனுக்கு அந்நியன் பெயரை வைக்கிறான். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது ஒரு பயமும் உண்டாகிறது. இருநூறு வருஷம் கழித்து எவனாவது ஒரு தரகன், கூடலூர் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டி, ‘இதோ பென்னிகுயிக்! நீங்களெல்லாம் இங்கிலீஷ் வம்சம், எடுங்கள் பணத்தை’ என்று சொல்லுவான். பல ராஜ வம்சங்களும் ரிஷி வம்சங்களும் இப்படித்தான் உண்டாகியிருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தோழரிடம் சொன்னோம். விசாவுக்குப் பாட்டன்தான் வேண்டும் என்ற இடத்தில் அவர் முகம் விழுந்துவிட்டது. “அம்பதாயிரம் குடுத்துட்டேனே அண்ணே” என்றார். தரகன் எழுத்து மூலம் ஏதாவது கொடுத்திருக்கிறானா என்று கேட்டோம். இல்லை. பிறகு, “அது கெடக்கட்டும், அந்தத் துரையோடு வாழ்ந்த அம்மாள் பேர் என்ன?” என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக அந்தக் கேள்வி தம் காதில் விழுவதாகச் சொன்னார்.

வீட்டில் அவருடைய அத்தை இருக்கிறார், எண்பத்து நாலு வயது. அவரிடம் போனோம். அத்தை காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “பேரா? எங்க அய்யா, ‘ஆத்தா’ன்னுதான் சொல்லும். அணைக்குச் சுண்ணாம்பு சுமந்தவ. தொரை போனப்புறம் கூடலூர்ல இட்லி சுட்டு வித்து எங்க அய்யாவை ஆளாக்குனா. அந்த வயக்காடு அவ சேத்த காசுல வாங்கினதுதானே? தொரை என்ன வாங்கிக் குடுத்தான், கரண்டியா?” என்றார்.

தோழர் நெடு நேரம் ஒன்றும் பேசவில்லை. நாம் புறப்பட்டு வந்த மூன்றாம் நாள், கிரயத்தை நிறுத்திவிட்டதாகவும், தரகன் போனை எடுக்கவில்லை என்றும் செய்தி வந்தது.